சோளகத்தில் இரண்டாம் சுற்று

தியாகராசாவுக்கு அன்று காலை எதிரிகள் இரண்டு பேர். ஒன்று தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று. மற்றது குணலட்சுமி அம்மா. சோளகத்தோடு மல்லுக்கட்டி அவனுக்குப் பழக்கம் உண்டு.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு வைகாசி. ஆடி எந்தக் கலவரத்தைக் கொண்டுவரப் போகிறது என்று ஒருவருக்கும் தெரியாத வைகாசி. கலியாணங்களுக்கும் குறைவில்லை, மாம்பழத்துக்கும் குறைவில்லை. கொழும்பு இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் சின்ன விமானம் விடும் ஒரு கம்பனியில் தியாகராசா விமானியாக இருந்தான். விமானி என்றவுடன் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு எஞ்சின், ஒன்பது இருக்கை. பெட்டி தூக்குவது, கதவு சாத்துவது, வயிற்றைப் பிரட்டுகிறது என்பவர்களுக்குக் கடதாசிப் பை நீட்டுவது எல்லாம் அவன் தலையில்தான். முன்வரிசையில் அவனுக்குப் பக்கத்து இருக்கையில்கூட ஒரு பயணி ஏறி உட்காருவார்.

குணலட்சுமி அம்மாவின் மகள் மீனாம்பிகை கொழும்பில் ஒரு வங்கியில் வேலை செய்தாள். அவளுடைய தமையன் தியாகராசாவோடு ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது ஏதோ ஒரு சமுத்திரத்தில் கப்பல் எஞ்சினியர். நண்பன் போன பிறகும் நண்பனின் வெள்ளவத்தை வீட்டுக்கு இவன் போய்வருவது நிற்கவில்லை. இரண்டு வருடம் இப்படிப் போய்வந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. மயிலிட்டியிலிருந்து தியாகராசாவின் தாய் முறைப்படி ஆள் விட்டுக் கேட்டாள். சாதகமும் பொருந்தியது. குணலட்சுமி அம்மாதான் பொருந்தவில்லை.

"கடலிலை போனவரைக் கட்டி முப்பது வருசம் காத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனான். என்ரை பிள்ளையும் வானத்தை அண்ணாந்து பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம்."

இதுதான் அவள் சொல்லி அனுப்பிய மறுமொழி. கடலில் போனவர் என்பது அவளுடைய கணவர் முருகேசுத் தண்டையல். பாய்க்கப்பலுக்குத் தலைவனாகப் போகிறவரை வல்வெட்டித்துறையில் தண்டையல் என்பார்கள். அவர் கப்பலை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது, பட்டம் மட்டும் போகவில்லை. மீனாம்பிகையோ, இவன் இல்லாவிட்டால் எவனும் வேண்டாம் என்று தாயிடம் ஒரே ஒரு தரம் சொன்னாள். அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனால் தாயும் மகளும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவதும் குறைந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்து வல்வெட்டித்துறையில் குணலட்சுமி அம்மாவின் தம்பி மகளுக்குக் கலியாணம் வந்தது. ரயிலில் ஓர் இருக்கையும் இல்லை. கடலெல்லாம் அளந்த எனக்கு ஆகாயத்தை ஒருக்கால் காட்டக்கூடாதோ என்று தண்டையல் அடம்பிடித்தார். எல்லோரும் எதிர்பார்த்தபடி குணலட்சுமி அம்மா மறுத்திருந்தால் இந்தக் கதை இல்லை. அவள் சம்மதித்தாள். பலகாரத் தட்டுக்கு முன்னால் எல்லா ஆம்பிளையும் நல்லவன்தான், ஆளை வேலையில் வைத்துப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறேன் என்றாளாம். முதல் நாள் மாலை மீனாம்பிகை தொலைபேசியில் இதைச் சொன்னபோது தியாகராசாவின் கையில் சாப்பாட்டுக் கோப்பை இருந்தது. அந்தச் சோறு பிறகு நாய்க்குப் போனது.

ஊரில் பெண் பார்ப்பார்கள், மாப்பிள்ளையும் பார்ப்பார்கள். ஆறாயிரம் அடி உயரத்தில் வைத்துப் பார்க்கப்பட்டவன் தான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சின்ன விமானத்தில் ஏறுமுன் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் நிறுக்க வேண்டும். பாரத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு வேகத்தில் இறங்குவது என்று விமானி கணக்குப் போடுவான். முருகேசுத் தண்டையல் தராசில் துள்ளி ஏறினார். அறுபத்தெட்டுக் கிலோ. அடுத்தது குணலட்சுமி அம்மா. அவள் தராசைப் பார்த்தாள். அது கொப்பரா மூட்டை நிறுக்கும் சாதித் தராசு. பிறகு சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தாள். கலியாணத்துக்குப் போகும் நேரத்தில் மனிசரை மூட்டை மாதிரி நிறுத்து, அதை வாய்விட்டு வேறு வாசித்தால் கண்ணூறு படாமல் என்ன செய்யும்?

"அம்பத்தைஞ்சு. எழுதும் தம்பி," என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். தியாகராசா நிமிர்ந்து பார்த்தான். கண்ணால் நிறுத்தாலே எழுபத்தைந்துக்குக் குறையாது. வேறு யாராக இருந்தாலும், பகிடி ஒன்று விட்டுச் சிரிக்கவைத்துத் தராசில் ஏற்றியிருப்பான். இவளிடம் அது முடியுமா? மாமியாராக வரக்கூடியவளிடம் போய் நீங்கள் சொல்வது பொய் என்று எந்த ஆண்பிள்ளை சொல்லுவான்? பென்சில் ஐம்பத்தைந்து என்று எழுதியது. அவளே ஏறவில்லை, நாங்கள் ஏன் ஏறவேண்டும் என்று அவளுடைய தமக்கை பாலேஸ்வரி ஐம்பத்திரண்டு சொன்னாள். தமக்கையின் கணவர் நடராசா அறுபது சொன்னார். மீனாம்பிகை வாயைத் திறக்குமுன் தாய் அவளுக்கும் சேர்த்து ஐம்பத்தைந்து என்று சொல்லிவிட்டாள். தியாகராசா எல்லாவற்றையும் நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டான். அந்தப் பொய்களில் தனக்கும் பங்கு உண்டு என்று அவனுக்கு அப்போதே தெரியும்.

தண்டையல் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். ஏறிய நேரம் தொடங்கி முள் ஒவ்வொன்றையும் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டு வந்தார். வேகம் காட்டும் முள் நொட் கணக்கில், மணிக்கு இத்தனை கடல்மைல் என்று, ஓடுகிறது என்றவுடன் அவருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. கடலிலும் அதே நொட்தான், அப்படியானால் இதுவும் ஒரு வள்ளம்தான், தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று பின்னுக்குத் திரும்பி அறிவித்தார். பின்னால் குணலட்சுமி அம்மா தியாகராசாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவனுக்கு அது தெரிந்தது. பிடரி சுட்டது.

ஆனையிறவு உப்பளம் வெள்ளையாகத் தெரிந்தபோது பலாலிக் கட்டுப்பாட்டுக் கோபுரம் வானொலியில் பேசியது. தென்மேற்கிலிருந்து காற்று பதினெட்டு நொட், இடையிடையே முப்பது வரை எழுந்து விழுகிறது. சோளகம் நேரே ஓடுபாதை வழியாக வருவதால், கடலுக்குப் போய்த் திரும்பி, கரையைத் தாண்டி, காற்றுக்கு முகம் கொடுத்து இறங்க வேண்டும். அதுவரை சரி. எழுந்து விழுகிறது என்பதுதான் சரியில்லை.

வேகம் காட்டும் முள்ளுக்கு நிலம் தெரியாது. தன்மேல் எவ்வளவு காற்று மோதுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எதிர்க்காற்று திடீரென்று பத்து நொட் விழுந்தால் முள்ளும் பத்து விழும், இறகின் தாங்கும் பலமும் அதோடு குறையும், விமானம் படியில் கால் தவறியவரைப் போலப் பொத்தென்று இறங்கும். அதனால் இப்படியான நாளில் விமானி கொஞ்ச வேகத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு வருவான். குறைய வைத்தால் விழுத்தும். கூட வைத்தால் விமானம் நிலத்தில் குந்தமாட்டேன் என்று மிதந்துகொண்டே போகும். தியாகராசா எழுதிவைத்த பாரத்துக்கு அறுபத்தைந்து, காற்றுக்குப் பத்து, மொத்தம் எழுபத்தைந்து என்று கணக்குப் போட்டான். அவனுக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. கரை தாண்டும்போது முள் எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இறங்குவதில்லை.

கடலுக்கு மேல் திரும்பி நேரே வந்தபோது வலது பக்கம் மயிலிட்டிக் கரை தெரிந்தது. அவனுடைய ஊர். தோணிகளும், வலை காயவைத்த தடிகளும், அண்ணாந்து பார்க்கும் ஆட்களும் தெரிந்தார்கள். விமானச் சத்தம் கேட்டால் எங்கடை தியாகு வாறான் என்று கைவேலையைப் போட்டுவிட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

காற்றில் ஒரு மோதல் வந்தது. முள் எண்பத்தெட்டுக்குத் தாவியது, விமானம் மூக்கைத் தூக்கிக் குலுங்கியது. பின்னால் பாலேஸ்வரி முருகா என்றாள். மற்ற நாளென்றால் தியாகராசா அந்தக் குலுக்கலைக் கணக்கில் எடுத்திருக்கமாட்டான். இன்று பிடரிக்குப் பின்னால் அவள் இருக்கிறாள். தொட்டில் ஆட்டுவதுபோல இறக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவனுக்குள் இருந்தது. எஞ்சினை இழுத்துக் குறைத்தான். முள் எழுபத்தைந்துக்கு இறங்கியது, ஆட்டம் நின்றது, அவனுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அன்று அது காற்றையும் அறியவில்லை.

பலாலிக் கரையின் பனைகளுக்கு மேலே வந்த நேரம் சோளகம் மூச்சை அடக்கிக்கொண்டது. முள் எழுபது, அறுபத்தாறு, அறுபத்திரண்டு என்று விழுந்தது. கையிருப்பைத்தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டானே. விமானம் பொத்தென்று இறங்கியது. தியாகராசா இரண்டு எஞ்சினுக்கும் உந்திக் கொடுத்தான்.

"தம்பி, கரைக்கு வரேக்கை பாயை இறக்கவேணும். நீர் என்ன ஏத்திறீர்?" என்று தண்டையல் பதறினார். அவருடைய நாற்பது வருடக் கடல் அனுபவம் அவரைக் கதற வைத்தது. கரையைக் கண்டால் வேகத்தைக் குறைக்கத்தான் எந்தக் கடலோடிக்கும் கை போகும்.

தியாகராசாவுக்கு வேறொன்று உறைத்தது. கொடுத்த விசைக்கு விமானம் இந்நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்தது, ஆனால் மாதம் நிறைந்தவள் எழும்புவது மாதிரி மெல்ல மெல்ல நிமிர்ந்தது. பாரம் கூட. நிச்சயமாகக் கூட. கரைக்கோடு காலுக்குக் கீழே போனபோது முள் அறுபத்தைந்தில் நின்றது.

முன்னால் ஓடுபாதை அகலமாக, நீளமாக, வா என்று படுத்துக் கிடந்தது. இறக்கியிருக்கலாம். சோளகம் திரும்பி எழுந்தால் ஒரு தட்டுத் தட்டிக் கீழே வைத்துவிடலாம், எழாவிட்டால் என்ன நடக்கும் என்பது வேறு கதை. மயிலிட்டி பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தண்டையல் இருந்தார். பின்னால் அவள் இருந்தாள், அவளுக்குப் பின்னால் மீனாம்பிகை இருந்தாள். இப்போது இறக்காமல் போனால், காற்றுக்குப் பயந்து ஓடினவன் என்ற பேர் வாழ்நாள் முழுக்க நிற்கும், பெண்ணும் போய்விடும் என்று அவனுக்குப் பட்டது. அழுகை வரப்போகும் சின்னப் பிள்ளையின் நிலையில்தான் அவன் அப்போது இருந்தான்.

ஆனாலும் எண் எண்தான். அவன் இரண்டு விசைப்பிடிகளையும் முழுதாக முன்னே தள்ளி மூக்கைத் தூக்கினான். ஓடுபாதை கீழே தவழ்ந்து பின்னால் போனது.

"இறங்கேல்லையோ?" என்றார் தண்டையல்.

"இல்லை ஐயா. இன்னொருக்கால் சுத்தி வாறம்."

பின்னால் பாலேஸ்வரி தேவாரம் தொடங்கினாள். சக்கரச் சில்லுக் கழன்றுவிட்டதா என்று நடராசா கேட்டார். தியாகராசா வலது பக்கம் வளைத்து மேலே ஏறினான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகை காற்றில் ஒருமுறை தட்டையாகப் படுத்தது, ஒருமுறை எழுந்து நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு மனம் தெளிந்தது. காற்று என்ன செய்கிறது என்பதை அது ஒளிக்கவில்லை. ஒளித்தது ஆட்கள்தான். எஞ்சின் சத்தத்தை மீறும்படி பின்னுக்குத் திரும்பிக் கத்தினான்.

"மாமி, உங்கடை உண்மையான பாரம் என்ன?"

கத்திய பிறகுதான், இரண்டு வருடமாக அம்மா என்று மரியாதைக்குக் கூப்பிட்டு வந்தவளை மாமி என்று கூப்பிட்டுவிட்டது அவனுக்கே கேட்டது. இனி அதைத் திருப்பி எடுக்க முடியாது. தேவாரம் நின்றது. குணலட்சுமி அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கீழே கீரிமலையும் கடலும் சாய்ந்து நின்றன. ஒரு மனுசியின் மானம் கப்பலேறுவது பழைய முறை, அன்று அது விமானத்திலேயே ஏறிப் பறந்தது.

"எண்பத்தொண்டு," என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் தன் தமக்கையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பாலேஸ்வரி எழுபத்துநாலு என்றாள். நடராசா எழுபத்தொன்பது என்றார். மகளுக்கு எவ்வளவு கூட்டினீர்கள் என்று தியாகராசா கேட்கவில்லை, குணலட்சுமி அம்மாவே சொன்னாள். கூட்டினது எட்டு. அவள் உண்மையில் நாற்பத்தேழுதான், நாலு பேருக்கு முன்னால் என் பிள்ளை எலும்பும் தோலும் என்று எப்படிச் சொல்ல முடியும்? மீனாம்பிகை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியாக, கேட்காமலே, இன்னொரு உண்மையும் வெளியே வந்தது. சீலைதானே என்று தராசில் ஏற்றாமல் கொண்டுவந்த பைக்குள் கலியாண வீட்டுக்குக் கொடுக்கும் பித்தளைக் குத்துவிளக்கு ஒரு சோடி இருந்தது. ஒவ்வொன்றும் பதினாறு கிலோ.

தியாகராசா மனக்கணக்குப் போட்டான். கூட்டியது, குறைத்தது எல்லாம் போகத் தொண்ணூற்றொரு கிலோ. கொழும்பிலிருந்து ஒரு தடித்த மனிதர் கணக்கில் ஏறாமல் அவர்களோடு கூடவே பறந்து வந்திருக்கிறார்.

"இப்ப எவ்வளவு கூட்டவேணும்?" என்று தண்டையல் ஆவலாகக் கேட்டார்.

"ரெண்டு நொட், ஐயா."

பின்னாலிருந்து குணலட்சுமி அம்மாவின் குரல் வந்தது. "ரெண்டுக்கோ தம்பி இவ்வளவு பேருக்கு முன்னாலை என்னைக் கேட்டனீர்?"

"இண்டைக்கு ரெண்டு பெரிசு, மாமி. பிழை என்ரைதான். அங்கையே உங்களைத் தராசிலை ஏத்தியிருக்கவேணும். பயத்திலை விட்டிட்டன்."

அந்தச் சொல்லைச் சொல்லி முடித்ததும் தியாகராசாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பெண் கிடைக்காது, அது முடிந்த கதை. கிடைக்காது என்று முடிவானபின் தொட்டில் ஆட்டிக் காட்ட வேண்டிய தேவையும் இல்லை. இனி இந்த ஐந்து பேரையும் பத்திரமாகத் தரையில் விடுவது மட்டும்தான் வேலை. அந்த வேலை அவனுக்குத் தெரியும்.

கடலுக்கு மேல் மீண்டும் திரும்பினான். எழுபத்தேழு. மோதல் வந்தது, முள் தொண்ணூறைத் தொட்டது, விமானம் துள்ளியது. இந்த முறை அவன் விசையில் கை வைக்கவில்லை. காற்று இனாமாகத் தந்ததை நாங்கள் முந்திக்கொண்டு செலவழிக்கக்கூடாது, கொஞ்ச நேரத்தில் அதுவே வந்து திருப்பிக் கேட்கும். கேட்டது. முள் எழுபத்தேழுக்கு வந்தது, எழுபத்துநாலுக்குப் போனது, அங்கேயே நின்றது. விமானம் தென்னோலை மாதிரி ஆடியது. ஆடட்டும். குலுங்கட்டும். பின்னால் தேவாரம் இரண்டாவது பாட்டுக்குப் போய்விட்டது. தியாகராசா மூக்கை ஒரே கோட்டில் வைத்து, விசையை ஒரே இடத்தில் வைத்து, முள்ளை அதன் எல்லைக்குள் விளையாட விட்டான்.

"பாயை இறக்கும், பாயை இறக்கும்," என்று தண்டையல் முணுமுணுத்தார்.

"நீங்கள் சும்மா இருங்கோ. அவருக்குத் தெரியும்," என்றாள் குணலட்சுமி அம்மா.

பனைகளுக்கு மேல் சோளகம் மறுபடி மூச்சை அடக்கியது. எழுபத்தொன்று. அவன் இலேசாக உந்தினான். எழுபத்துநாலு. கரைக்கோடு காலுக்குக் கீழே போனது. ஓடுபாதை மேலே வந்தது, சில்லு ஒரு தரம் தட்டியது, இன்னொரு தரம் தட்டியது, பிறகு உருளத் தொடங்கியது. தொட்டில் மாதிரி இல்லை, மாட்டுவண்டி மாதிரித்தான். ஆனால் தரை. பாலேஸ்வரி விட்ட பெருமூச்சு முன் இருக்கைவரை வந்தது. எழுபதுக்கு மேல் வந்த வண்டி கடலோடிக் கணக்கில் நூறு பாகத் தூரம் போகுமுன் மாட்டுநடைக்கு வந்துவிட்டதே என்று தண்டையலுக்கு ஒரே அதிசயம். முள்ளில் எழுபத்தைந்து இருந்தாலும் எதிர்க்காற்று இருபதைத் தின்றுவிடும், நிலத்துக்கு மிஞ்சுவது ஐம்பத்தைந்துதான் என்று தியாகராசா சொன்னான். எதிர்க்காற்று உங்களுக்குச் சிநேகிதனோ என்று கிழவர் வாயைப் பிளந்தார். கடலில் அப்படி ஒரு சிநேகிதத்தை அவர் கண்டதில்லை.

வெளியே சோளகம் சீலைகளைப் பிடித்து இழுத்தது. தியாகராசா கதவைத் திறந்து ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கினான். மீனாம்பிகை இறங்கும்போது அவன் கையைத் தேவைக்கு அதிகமாக இறுக்கிப் பிடித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் கண் கலங்கிவிடும். குத்துவிளக்குப் பையைத் தூக்கிக் காரில் வைத்தான். கலியாண வீட்டார் அனுப்பிய பழைய கார் அது, வேலிக்கு வெளியே நின்றது. தண்டையல் இடுப்பில் கை வைத்து ஓடுபாதையைத் திரும்பிப் பார்த்தார். நிலத்தில் கால் பட்டதும் அவருடைய வீரம் திரும்பி வந்துவிட்டது.

"எல்லாம் சரிதான். நானெண்டா முதல் தரமே கரையிலை ஏத்தியிருப்பன்," என்றார்.

"ஓம். ஏத்தினனீங்கள்தானே," என்றாள் குணலட்சுமி அம்மா.

தண்டையலின் முகம் சுருங்கிப் போனது. அவள் அவரைப் பார்க்காமல் தியாகராசாவைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். ஐம்பத்தேழாம் ஆண்டு ஐப்பசி. வாடைக்காற்று முந்திக்கொண்டு இரையத் தொடங்கிய நாள். அரிசி ஏற்றிய இவருடைய கப்பல் 'கனகாம்பிகை' ஊர்க்கரைக்கு வந்தது. ஊரே கரையில் நின்றது. பவளப் பாறையான முருகைக்கல்லுக்கு நடுவே உள்ள வழியில் திரை எழும்பி எழும்பி உடைந்தது. வெளியே சுற்றி நின்று பின்னேரம் பார்த்து வருவோம் என்று கப்பலில் நின்ற எல்லோரும் சொன்னார்களாம். இவருக்கோ, ஊர் பார்த்திருக்கத் திரும்பிப் போவது பெரிய வெட்கம். ஒரே தரத்தில் ஏற்றினார். கல்லில் ஏற்றினார். உயிர் ஒன்றும் போகவில்லை, அது அம்மன் புண்ணியம். எழுநூறு மூட்டை அரிசி கடலில் போனது, கப்பல் பலகை பலகையாகக் கரைக்கு வந்தது. மீனாம்பிகையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் கரையில் நின்று அதைப் பார்த்தாள்.

"அண்டைக்கு இன்னொருக்கால் சுத்தி வர வெட்கப்பட்டவர் இவர்," என்றாள். "நீர் வெட்கப்படேல்லை."

தியாகராசாவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. காலையிலிருந்து வேண்டிய அளவு பொய்யைச் சுமந்தாயிற்று. "வெட்கமாத்தான் இருந்தது, மாமி. செத்துப்போகலாம் போலை இருந்தது."

"தெரியும். உம்மடை பிடரி சிவந்ததைக் கண்டனான்." அவள் சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "வெட்கப்பட்டுக்கொண்டும் திரும்பினீர். எனக்கு அதுதான் வேணும்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, காலடியிலிருந்த மங்குஸ்தான் பழப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கலியாண வீட்டுப் பிள்ளைகளுக்கென்று கொழும்பில் வாங்கியது. அந்தப் பை தராசில் ஏறியதாகத் தியாகராசாவுக்கு ஞாபகம் இல்லை. பிறகு அவள் சாரதியிடம், முதலில் மயிலிட்டிக்கு விடு தம்பி என்றாள்.

தண்டையலுக்கு விளங்கவில்லை. "இஞ்சாரும், மயிலிட்டி மேற்கை. நாங்கள் போறது கிழக்கை."

"தெரியும். கலியாணம் நாளைக்குத்தானே. ஒரு வீட்டுக்குப் போய்க் கதைக்கவேணும், வெறுங்கையோடை போகேலாது, மங்குஸ்தான் இருக்கு. காரைத் திருப்பச் சொல்லுங்கோ."

கார் கிழக்கே மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. சாரதி முன்னுக்கும் பின்னுக்கும் மூன்று தரம் எடுத்துத்தான் அந்த ஒடுக்கமான வீதியில் அதைத் திருப்ப முடிந்தது. தண்டையல் யன்னலால் தலையை நீட்டி வேலி இடிக்குது, மதகு இடிக்குது என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். மீனாம்பிகை பின்கண்ணாடியால் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். முழுதாக, பல் தெரிய, யாருக்கும் ஒளிக்காமல் சிரித்தாள்.

தியாகராசா வேலியைப் பிடித்துக்கொண்டு, கார் மேற்கே புழுதி கிளப்பிப் போவதைப் பார்த்து நின்றான். சந்தோசத்தில் அவனுக்குக் காலும் கையும் ஓடவில்லை. கோபுரத்திலிருந்து யாரோ தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள், காதில் விழவில்லை. மயிலிட்டி வீட்டில் தொலைபேசி இல்லை. அம்மா இந்நேரம் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு, பழைய சீலையோடு முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருப்பாள். சம்பந்தி வாசலில் வந்து நிற்க இன்னும் பத்து நிமிடம் கூட இல்லை.